மனித உரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது லீகல் எய்டை ஏன் மறக்கிறோம்?

தேம்ஸ்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பிரித்தானியாவில் மனித உரிமைச் சட்டம் பற்றிய பேச்சு மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. ஆட்சிக்கு வந்தால் ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தை விட்டே வெளியேறுவோம் என்று 2025 அக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சி அறிவித்தது. ரிஃபோர்ம் கட்சி அதைவிட உரக்கச் சொல்கிறது. லேபர் அரசு சாசனத்துக்குள் இருந்துகொண்டே, குடும்ப வாழ்வைப் பாதுகாக்கும் 8ஆம் பிரிவைச் சுருக்கப்போவதாக நவம்பரில் சொன்னது. எங்கள் சனம் கூடும் இடமெல்லாம் "சட்டம் மாறினால் எங்கட கேஸ் என்ன ஆகும்?" என்ற கேள்விதான்.

பயப்படக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் பேசக் காணோம்.

அந்தச் சாசன உரிமைகளை இங்குள்ள நீதிமன்றங்களிலேயே கேட்க வழிசெய்த 1998 மனித உரிமைச் சட்டத்தை மாற்ற ஏற்கெனவே ஒரு பெரிய முயற்சி நடந்தது. சர் பீட்டர் குரோஸ் தலைமையில் குழு போட்டார்கள். அது 2021 டிசம்பரில் அறிக்கை தந்து, சிறு திருத்தங்கள் போதும் என்றது. அப்போதைய நீதி அமைச்சர் டொமினிக் ராப் அதை ஒதுக்கிவிட்டு 2022 ஜூனில் தன் உரிமை மசோதாவைக் கொண்டுவந்தார். செப்டம்பரில் பிரதமரான லிஸ் ட்ரஸ் அதைக் கிடப்பில் போட்டார். 2023 ஜூனில் அப்போது நீதி அமைச்சராக இருந்த அலெக்ஸ் சோக் முற்றாகக் கைவிட்டார். இவ்வளவு ஆரவாரத்துக்குப் பிறகும் அந்த மசோதாவால் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

அதற்கு முன்பே, 2013 ஏப்ரல் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம் இருக்கிறது. எல்லாரும் அதை லாஸ்போ என்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்ட உதவியை, அதாவது காசில்லாதவரின் வழக்குக்கு அரசு கொடுக்கும் லீகல் எய்டை, வெட்டிய சட்டம். ஆண்டுக்கு 350 மில்லியன் பவுண்ஸ் மிச்சம் பிடிப்பது நோக்கம். பென்ஷன், பெனிபிட் பிரச்சினை, கடன், பெரும்பாலான வேலை வழக்குகள், கணவன் மனைவி பிரிவு, பிள்ளை யாரிடம் இருப்பது என்பதெல்லாம் ஒரே நாளில் பட்டியலிலிருந்து போயின. அசைலம், அதாவது அகதித் தஞ்ச வழக்கு, தப்பியது. அசைலம் அல்லாத இமிக்ரேஷன் போனது. அதாவது, அரசியல்வாதிகள் இன்றைக்குக் கத்திக்கொண்டிருக்கும் அதே 8ஆம் பிரிவு வழக்குகளுக்கு 2013 முதல் வழமையான லீகல் எய்ட் கிடையாது. கையில் காசு இருப்பவர் லோயர் பிடிக்கிறார். இல்லாதவர் சீட்டு எடுத்தோ, நகை வைத்தோ, அதுவும் இல்லையென்றால் தனியாகவோ நீதிபதி முன் நிற்கிறார்.

ராப்பின் மசோதாவை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள், சரி. ஆனால் நடந்து முடிந்த வெட்டைப் பற்றி எங்கள் சங்கங்கள் ஒரு கூட்டமாவது போட்டதாக எனக்கு நினைவில்லை. உங்கள் கருத்து என்ன?

ஹரோ_கணக்கர்

நல்ல இழை. ஆனால் நான் மற்றப் பக்கம்.

முதலாவது, எந்த நாடும் யாரை உள்ளே வைத்திருப்பது என்பதைத் தன் பாராளுமன்றத்தில் முடிவு செய்ய வேண்டும். ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் இருக்கும் நீதிபதிகளை நான் தேர்ந்தெடுக்கவில்லை, நீங்களும் தேர்ந்தெடுக்கவில்லை. கடும் குற்றம் செய்தவர் "எனக்கு இங்கே குடும்பம் இருக்கிறது" என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதை சாதாரண வரி கட்டும் ஆள் எப்படி ஏற்றுக்கொள்வார்?

இரண்டாவது, லீகல் எய்டும் வரிப்பணம்தான். நானும் அகதியாக வந்தவன். எனக்கு லோயர் கிடைத்தது, அதற்கு நன்றி உண்டு. ஆனால் அந்தக் காசில் வயிறு வளர்த்த சில சொலிசிட்டர்மாரையும் எங்களுக்குத் தெரியும். ஒரே கதையைப் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்து, ஹோம் ஒபிஸ் (உள்துறை அமைச்சு) நிராகரித்ததும் கைகழுவிவிட்ட ஆட்கள். வெட்டு வந்தபோது அவர்களும் போனார்கள். அதை முழு நட்டம் என்று சொல்ல மாட்டேன்.

இருமொழி

கணக்கர் அண்ணா, நீங்கள் சொல்லும் அந்த ஆட்களை எனக்கும் தெரியும். ஆனால் வெட்டு வந்தபோது அவர்கள்தான் போனார்கள் என்பதை ஏற்க முடியாது. நல்லவர்கள் முதலில் போனார்கள். ஏன் என்று சொல்கிறேன், நான் சொலிசிட்டர் ஒபிஸ்களில் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள்.

ஒரு அசைலம் கேஸின் முதல் கட்டத்துக்கு லீகல் எய்ட் பல வருடமாகக் கொடுத்தது மொத்தமாக 413 பவுண்ஸ். மணிக்கணக்கு வீதம் நீண்ட காலம் 50 பவுண்ஸை ஒட்டியே இருந்தது. அப்படியென்றால் ஏறத்தாழ எட்டு மணி நேரம். அதற்குமேல் செய்யும் வேலைக்குக் காசு வேண்டுமென்றால், செய்த வேலை அந்தத் தொகையின் மூன்று மடங்கைத் தாண்ட வேண்டும். அதாவது இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல். பத்து மணி நேரமோ இருபது மணி நேரமோ செய்தவருக்கு அதே 413தான். அக்கறையாக வேலை செய்பவருக்கு ஒவ்வொரு கேஸிலும் கைநட்டம். அரைமணி நேரத்தில் கதையை எழுதி அனுப்புபவருக்கு இலாபம். சிவில் லீகல் எய்ட் கட்டணம் 1996க்குப் பிறகு உயரவே இல்லை, 2011இல் அதிலும் பத்து வீதம் குறைத்தார்கள். ஒரு சட்ட நிறுவனம் அரசின்மேல் வழக்குப் போட்ட பிறகுதான், 2024 நவம்பரில் இமிக்ரேஷன், வீட்டு வழக்குகளுக்குக் கட்டணத்தை உயர்த்துவதாகச் சொன்னார்கள்.

அந்த எட்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? பெரும்பாலும் திகதிதான். ஒரு தம்பி விமானநிலையத்தில் கொடுத்த முதல் பேட்டியில் "2018இல் பிடித்தார்கள்" என்று சொல்லியிருப்பார். எங்களிடம் பேசும்போது "அம்மம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு அடுத்த கிழமை" என்பார். அம்மம்மா எப்போது செத்தவ? ஊருக்கு போன் எடுத்து மரணச் சான்றிதழைப் படம் பிடித்து அனுப்பச் சொல்ல வேண்டும். வந்து பார்த்தால் 2019. இதை இப்போதே எழுதிச் சரிசெய்யாவிட்டால், நிராகரிப்புக் கடிதத்தில் "உங்கள் கூற்றில் முரண்பாடு" என்று அந்த ஒரு வருடம் வந்து நிற்கும். பிடித்துக்கொண்டுபோய் அடித்த இடத்தைப் பற்றிக் கேட்கும்போது பேச்சே வராது. சொலிசிட்டர் பேனாவை வைத்துவிட்டுத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வருவார். அப்படி ஒரு மணி நேரம் போகும். அதற்கும் சேர்த்துத்தான் அந்த 413.

அப்புறம் தழும்பு. டொக்டரின் அறிக்கைக்கு லீகல் எய்ட் காசு கொடுக்கும், அது இல்லையென்றால் எங்கள் பெடியளில் எத்தனை பேரால் அதைக் கட்ட முடியும்? கேவி என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் இலங்கைத் தமிழரின் வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. முதுகில் சூட்டுத் தழும்புகள். அவரே சொல்லி வேறொருவரைக்கொண்டு சுடவைத்திருக்கலாம் என்று கீழே முடிவெடுத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து, மருத்துவ அறிக்கையை எப்படி மதிக்க வேண்டும் என்று விளக்கி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. இன்றைக்கு ஒவ்வொரு தழும்புக் கேஸிலும் அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அறிக்கையே இல்லாமல் போயிருந்தால் காட்ட என்ன இருக்கும்?

வைகை_சட்டமாணவன்

மதுரையிலிருந்து வாசிக்கிறேன், ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் உயர் நீதிமன்றமே அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்லிவிடலாம். அங்கே இந்த மனித உரிமைச் சட்டத்தை வைத்து நீதிபதிகள் பாராளுமன்றச் சட்டத்தை ரத்துசெய்ய முடியுமா? முடியாதென்றால் இவ்வளவு எதிர்ப்பு எதற்கு?

தேம்ஸ்கரை

முடியாது தம்பி. மனித உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, முடிந்தவரை சாசன உரிமைகளோடு பொருந்தும்படி சட்டத்தை வாசிக்க வேண்டும். அப்படி வாசிக்கவே முடியாவிட்டால், 4ஆம் பிரிவின்படி "இது பொருந்தவில்லை" என்று அறிவிக்கலாம். சட்டம் அப்படியே இருக்கும், மாற்றுவதா இல்லையா என்பது பாராளுமன்றத்தின் கையில். 2004 டிசம்பரில் பெல்மார்ஷ் சிறை வழக்கில், வெளிநாட்டவர்களை மட்டும் விசாரணையில்லாமல் அடைத்து வைத்ததை, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அப்படி அறிவித்தது. அடுத்த வருடம் பாராளுமன்றம் வேறு சட்டம் கொண்டுவந்தது.

எதிர்ப்பு எதற்கென்றால், 6ஆம் பிரிவு. பொலிஸ், கவுன்சில், மருத்துவமனை, ஹோம் ஒபிஸ் என்று எந்தப் பொது அமைப்பும் சாசன உரிமையை மீறி நடந்தால் சட்டவிரோதம். இங்குள்ள நீதிமன்றத்திலேயே கேட்கலாம். 2000 ஒக்டோபருக்கு முன் இதற்கு ஸ்ட்ராஸ்பூர்க் வரை போக வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களே போயிருக்கிறார்கள். 1988 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து தமிழ் இளைஞர்கள் ஸ்ட்ராஸ்பூர்கில் போட்ட வழக்கு 1991இல் தோற்றது. ஆனால் அதற்கிடையிலேயே இங்குள்ள அதிகாரி ஒருவர் அவர்களின் அப்பீலை ஏற்றுத் திரும்ப வரவழைத்துவிட்டார். 2008இல் என்.ஏ. என்ற தமிழரின் வழக்கில், அவரை அனுப்பினால் சாசனத்தில் சித்திரவதைக்கு எதிரான 3ஆம் பிரிவு மீறப்படும் என்று அதே ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பளித்தது. கணக்கர் அண்ணா, அந்த நீதிமன்றம் எப்போதும் வந்தவர் பக்கம்தான் நிற்கும் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஆள், சாட்சியத்துக்குச் சாட்சியம் பார்த்திருக்கிறது.

குற்றம் செய்தவர்கள் பற்றிச் சொன்னீர்கள். 2007 சட்டப்படி பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்துவதுதான் விதி. 2014 சட்டத்தில், 8ஆம் பிரிவை நீதிபதிகள் எப்படி எடைபோட வேண்டும் என்று பாராளுமன்றமே எழுதிவைத்துவிட்டது. நீங்கள் கேட்கும் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

ஹரோ_கணக்கர்

வாசித்தேன். 2014 விஷயம் சரிதான், ஆனால் அதற்குப் பிறகும் வழக்குகள் இழுபடுவதைப் பார்க்கிறோமே.

இன்னொன்று. சாசனம் போனால் உரிமையே போய்விடும் என்பது மிகை. இந்த நாட்டின் பொதுச் சட்டம் எவ்வளவோ பழையது. வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போக 1,200 பவுண்ஸ் வரை கட்டணம் வைத்தார்களே, 2017 ஜூலையில் யுனிசன் தொழிற்சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. அடிப்படை என்ன? நீதிமன்றத்தை அணுகும் உரிமை, பொதுச் சட்ட உரிமை.

பிரித்தானிய இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தில் உள்ள டியேகோ கார்சியா தீவை எடுங்கள். 2021இல் படகில் போய் அங்கே மாட்டிய எங்கள் சனம். அந்தத் தீவுக்கு ஐரோப்பிய சாசனம் பொருந்தாது. இருந்தும் 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொல்லவில்லையா?

தேம்ஸ்கரை

இந்த இழையில் வந்த வலுவான எதிர்வாதம் இதுதான். பொதுச் சட்டத்தை நானும் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் நீங்கள் காட்டிய இரண்டையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள்.

கட்டணம் 2013 ஜூலையில் வந்தது, 2017 ஜூலையில் போனது. நான்கு வருடம். சம்பளம் கிடைக்காத எத்தனையோ பேர் அந்த நான்கு வருடத்தில் வழக்கே போடாமல் விட்டார்கள், தீர்ப்பாயத்துக்கு வரும் வழக்குகள் படுவேகமாக விழுந்ததை நீதிமன்றமே குறித்தது. வழக்கை நடத்தியது யார்? நாடு முழுக்க உறுப்பினர்களும் சொந்தமாகச் சட்டப் பிரிவும் உள்ள ஒரு பெரிய தொழிற்சங்கம். சம்பளம் கிடைக்காத உணவகத் தொழிலாளியால் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்க முடியுமா?

டியேகோ கார்சியாவில் குழந்தைகளோடு கூடாரத்தில் மூன்று வருடம். லண்டனிலிருந்த வழக்கறிஞர்கள் அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் வழக்கு நீதிபதி முன் வந்தது. சாசனமோ பொதுச் சட்டமோ, எதுவாக இருந்தாலும் அதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

சட்ட உதவி வெட்டிலேயே சாசனமும் லீகல் எய்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. லாஸ்போவின் 10ஆம் பிரிவு. உதவி மறுத்தால் சாசன உரிமை மீறப்படும் என்று காட்டினால் விதிவிலக்காகக் காசு கொடுக்கலாம். தொடக்கத்தில் அதிகாரிகள் இதைக் கிட்டத்தட்ட யாருக்கும் கொடுக்கவில்லை. அமைச்சரின் வழிகாட்டி அவ்வளவு இறுக்கம். 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழிகாட்டி தவறு என்றது, அதன் பிறகுதான் கதவு திறந்தது. அந்தத் தீர்ப்பு நிற்பது சாசனத்தின் 6ஆம், 8ஆம் பிரிவுகளின்மேல். சாசனத்தை எடுத்துவிட்டால் இந்த 10ஆம் பிரிவு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்கிறேன்.

சுபா_பர்மிங்காம்

எல்லாரும் விசாவையே பேசுகிறீர்கள். வீட்டுக்குள் நடப்பதையும் கொஞ்சம் பேசலாமா?

கணவனைப் பிரிந்து வரும் பெண்ணுக்கு லீகல் எய்ட் வேண்டுமென்றால் வீட்டு வன்முறைக்கு எழுத்தில் ஆதாரம் காட்ட வேண்டும். பொலிஸ், டொக்டர், தங்குமிடம் என்று ஏதாவது ஒன்றிலிருந்து. எங்கள் பெண்கள் பொலிஸுக்குப் போக மாட்டார்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்று பதினைந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒருநாள் பிள்ளைகளோடு இறங்கி வருவார்கள். ஆதாரம் இரண்டு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று முதலில் விதி. பெண்கள் உரிமை அமைப்பு ஒன்று வழக்குப் போட்டு 2016இல் வென்றது. 2018 ஜனவரியில் கால வரம்பே போனது. டொக்டர்மார் அந்தக் கடிதத்துக்குக் காசு கேட்பதையும் 2021இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

இதெல்லாம் வென்ற பிறகும் வருமானக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலான சிவில் வழக்குகளுக்கு மாத மொத்த வருமானம் 2,657 பவுண்ஸைத் தாண்டக் கூடாது, செலவு கழித்து 733க்கு மேல் மிஞ்சக் கூடாது, சேமிப்பு 8,000க்குள். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் முழுநேர வேலை செய்துகொண்டு இரண்டு பிள்ளைகளையும் பார்க்கிறா. கணக்கில் சின்னத் தொகைதான் கூட, உதவி இல்லை என்றுவிட்டார்கள். பிள்ளைகள் வழக்கில் எதிர்ப்பக்கத்துக்குப் பாரிஸ்டர். இவ ஒரு பிளாஸ்டிக் பையில் கடிதங்களை ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒட்டி, தனியாகப் போய் இருந்தா. நான் வெளியே கதிரையில். மத்தியானம் வெளியே வந்து "அந்த ஆள் கேட்ட இங்கிலிஷ் எனக்கு விளங்கேல்லை சுபா" என்றா.

மேர்சிக்கரை

நான் இருப்பது லிவர்பூலில். இங்கே மனித உரிமைச் சட்டம் பற்றி யாரும் வெளிநாட்டான் விஷயம் என்று பேச மாட்டார்கள். காரணம் ஹில்ஸ்பரோ.

1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ காற்பந்து மைதான நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். ரசிகர்கள்தான் குழப்பம் செய்தார்கள் என்று பொலிஸ் பழியைத் திருப்பியது. முதல் மரண விசாரணையில் பொலிஸ் பக்கம் அரசுப் பணத்தில் வழக்கறிஞர்கள், இறந்தவர்களின் குடும்பங்கள் தங்களுக்குள் காசு சேர்த்து ஆள் பிடித்தன. 2014இல் தொடங்கிய இரண்டாவது விசாரணை உயிர் வாழும் உரிமையான 2ஆம் பிரிவின் தேவைகளுக்கு ஏற்ப நடந்தது. அரசின் தவறு என்ன என்று ஜூரி முழுமையாகக் கேட்க முடிந்தது. இந்த முறை குடும்பங்களுக்கும் அரசு செலவு கொடுத்தது. 2016 ஏப்ரலில் சட்டவிரோதக் கொலை என்று ஜூரி சொன்னது, ரசிகர்கள்மேல் பழி இல்லை என்றும் சொன்னது.

இங்கே நான் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குடும்பங்களைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது இரண்டு. அதிகாரிகள் உண்மை பேச வேண்டும். மரண விசாரணையில் குடும்பத்துக்கு வருமானம் பார்க்காமல் லோயர் வேண்டும். 2025 செப்டம்பரில் பாராளுமன்றத்துக்கு வந்த ஹில்ஸ்பரோ மசோதாவில் இரண்டும் இருக்கின்றன. 8ஆம் பிரிவைச் சுருக்குவோம் என்று சொல்லும் அதே அரசு கொண்டுவந்த மசோதா இது. கணக்கர் அண்ணா, வரிப்பணம் என்றீர்கள். பொலிஸின் வழக்கறிஞருக்குப் போவதும் அதே வரிப்பணம்தானே.

ஹரோ_கணக்கர்

இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். மரண விசாரணையில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். சுபா சொன்ன அக்காவுக்கும் உதவி கிடைத்திருக்க வேண்டும். ஆனால் குடிவரவுச் சட்டத்தை யார் எழுதுவது என்பதில் என் நிலை அதேதான்.

இருமொழி

ஒரு சேர்க்கை. 2025 ஏப்ரலில் லீகல் எய்ட் ஏஜென்சியின் கணினிக்குள் யாரோ புகுந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2010 முதல் விண்ணப்பித்தவர்களின் விவரம் போயிருக்கலாம் என்று மே மாதம் அரசே சொன்னது. இணையவழி எல்லாம் நின்றுபோய், சொலிசிட்டர்மார் மாதக்கணக்கில் மாற்று வழியில் வேலை செய்தார்கள். பழைய லீகல் எய்ட் கேஸ் உள்ளவர்கள் சந்தேகமான போன், மெசேஜ் வந்தால் கவனமாக இருங்கள். ஊரில் உள்ள உறவினர் பெயர்கூட அந்தக் கோப்புகளில் இருந்திருக்கலாம்.

புதுவரவு_லீட்ஸ்

இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். அவசரமாக ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் மச்சானுக்குப் போன கிழமை அசைலம் நிராகரிப்பு வந்தது. லீகல் எய்ட் சொலிசிட்டர், வெல்லும் வாய்ப்புக் குறைவு, அப்பீலுக்கு வர மாட்டேன் என்கிறார். தனியாரிடம் கேட்டால் அவர்கள் சொல்லும் தொகையை நினைத்தும் பார்க்க முடியாது. என்ன செய்யலாம்?

தேம்ஸ்கரை

நான் லோயர் இல்லை, ஆலோசனை நிலையத்தில் தொண்டு செய்பவன். இருந்தாலும் இதில் முதல் வேலை திகதி பார்ப்பது. நிராகரிப்புக் கடிதம் அனுப்பப்பட்டு 14 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். லோயர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அவரே இணையத்தில் போடலாம். விசாரணையோடு போடக் கட்டணம் 140 பவுண்ஸ், ஆனால் அரசின் அசைலம் சப்போர்ட்டில் இருந்தால் கட்டத் தேவையில்லை, அதற்குரிய எண்ணைக் கேட்கும் இடத்தில் கொடுங்கள்.

இரண்டாவது, அந்த சொலிசிட்டரிடம் சிடபிள்யூ4 படிவம் கேளுங்கள். வாய்ப்புக் குறைவு என்று அவர் அப்பீலுக்கான உதவியை மறுத்தால், அந்தப் படிவத்தில் காரணத்தை எழுதித் தர வேண்டும். அதை வைத்து லீகல் எய்ட் ஏஜென்சியிடம் மறுபரிசீலனை கேட்கலாம். வாயால் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், பேட்டிப் பதிவு உட்பட. வேறு சொலிசிட்டர் எடுப்பதானாலும் அதைத்தான் முதலில் கேட்பார்.

கடிதத்தில் உள்ள திகதியும், அது கையில் கிடைத்த திகதியும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். பெயர், ஹோம் ஒபிஸ் எண் எதையும் இங்கே போட வேண்டாம்.

புதுவரவு_லீட்ஸ்

நன்றி அண்ணா. கடிதம் வந்து இன்றோடு ஒன்பது நாள். சிடபிள்யூ4 என்று ஒன்று இருப்பதையே அந்த ஒபிஸில் சொல்லவில்லை. அப்பீலை இன்று இரவே போடுகிறோம்.

இருமொழி

தங்கச்சி, போடும்போது விளக்கம் எழுதும் இடத்தில் நிறைய எழுத வேண்டாம். நிராகரிப்புக் கடிதத்தில் எந்தப் பந்தி பிழை என்பதை மட்டும் எண் போட்டு எழுதுங்கள், மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம். திகதி மாறியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். இரவு பத்து மணிவரை இணைப்பில் இருப்பேன், தமிழில் எழுதி அனுப்பினால் மொழிபெயர்த்துத் தருகிறேன்.